மினி டிராக்டரில் டீசல் வரத்து தடைபட்டால்: டேங்க் மூடியிலிருந்து நாசில் வரை முழுமையான வழிகாட்டி

வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ரோட்டவேட்டர் போட்டு ஓடிக்கொண்டிருக்கிற 24 எச்.பி. வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டால், சுற்றி நிற்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பம்ப் போச்சுண்ணே." அடுத்த நிமிடம் ஒருவர் நாசில் நட்டில் ஸ்பேனரை மாட்டியிருப்பார். பெரும்பாலும் டீசலை அழுத்தித் தள்ளுகிற பம்பும், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாசிலும் நன்றாகத்தான் இருக்கும். அவற்றுக்கு டீசல் போய்ச் சேர்வதில்தான் சிக்கல். மூடித் துளையில் சேறு, டீசல் வெளியேறுகிற டேங்க் வாயில் கசடு, வெடித்த ஓஸ், தளர்ந்த கிளிப், அடைத்த ஃபில்டர் என்று காரணங்கள் எல்லாமே சின்னவை.

அதனால் டேங்கிலிருந்து ஆரம்பித்து இன்ஜினை நோக்கி நகருங்கள். ஓர் இடம் சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த இடம். நடுவில் தாவி நாசில் பைப்பைத் தளர்த்தினால் அங்கே புதிதாக ஏர் புகுந்துவிடும். பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்துகொண்டால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் 15 முதல் 30 எச்.பி. வரையிலான, மெக்கானிக்கல் பம்ப் வைத்த சின்ன வண்டிகளுக்கு. 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புகை விதிகள் கடுமையாகிவிட்டன. அந்தப் புது வண்டிகளில் காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) வந்திருந்தால் உயர் அழுத்தப் பைப்பில் கை வைக்காதீர்கள்.

1. முதலில் புகையைப் பாருங்கள்

டீசல் வரத்துதான் கோளாறா என்பதைச் சைலன்சரே சொல்லிவிடும். செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றுவது), கம்ப்ரஷன், டீசலில் தண்ணீர் என்று தேட வேண்டும். ஓடும்போது கரும்புகை தள்ளி இழுவை குறைந்தால் டீசல் குறைவில்லை, காற்றுதான் குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். திருமங்கலம் கரிசலில் வெயில் காலத்தில் புழுதி உழவு ஓட்டிய வண்டிகளில் பாதிக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

டீசல் வரத்துக் கோளாறுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. சும்மா நிற்கும்போது நன்றாக ஓடி, கலப்பையைத் தரையில் இறக்கியதும் தளர்ந்தால் எங்கோ பாதி அடைப்பு. கால் மணி, அரை மணி ஓடி நின்று, சற்று நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் மூடித் துளை அல்லது டேங்க் வாய். ராத்திரி நன்றாக நிறுத்திய வண்டி காலையில் நீண்ட நேரம் செல்ஃப் கேட்டால், எங்கோ ஏர் இழுத்து டீசல் பின்வாங்கியிருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே சத்தம் ஏறி இறங்கினாலும் முதலில் ஏரைச் சந்தேகியுங்கள்.

சும்மா ஓடும்போது ஏன் தெரிவதில்லை? 25 எச்.பி. இன்ஜின் முழு இழுவையில் மணிக்குச் சுமார் 5 முதல் 6 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 100 மில்லி. சும்மா நிற்கும்போது அதில் ஒரு சிறு பங்கு போதும். அந்தக் கொஞ்சத்தைப் பாதி அடைத்த ஃபில்டரும் தந்துவிடும். ஆகவே வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து பார்த்து "சரியாகிடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்.

2. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

இன்ஜின் ஆற வேண்டும். கியர் நியூட்ரலில், பி.டி.ஓ. (ரோட்டவேட்டரைச் சுற்றுகிற தண்டு) விலக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி வையுங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.

கீழே சொல்வதைக் கையோடு எடுத்து வைத்துக்கொண்டால் நடுவில் ஓட வேண்டியிருக்காது:

- 5 லிட்டர் சுத்தமான புது டீசல், மூடியுள்ள கேனில்
- உள்ளே தெரிகிற, டீசலுக்கு ஏற்ற பிளாஸ்டிக் ஓஸ் இரண்டு மூன்று அடி, புதுக் கிளிப்கள்
- நிறமில்லாத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு, ஒரு பழைய தட்டு
- அளவு சரியான ரிங் ஸ்பேனர்கள்
- புதுத் தாமிர வாஷர்கள், உங்கள் வண்டிக்கான ஃபில்டர், அதன் ரப்பர் வளையம்
- நூல் பிரியாத பருத்தித் துணி

கடைசிப் பொருளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடையில் கிலோக் கணக்கில் விற்கிற நூல் வேஸ்ட்டால் ஃபில்டர் தலையைத் துடைத்தால் ஓர் இழை உள்ளே போனாலும் பம்ப் வாயில் உட்கார்ந்துவிடும். துண்டுக் கைலித் துணி எவ்வளவோ மேல்.

கழற்றும் முன் அந்த இடத்தைச் சுற்றியுள்ள மண்ணை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவுங்கள். பைப்புக்குள் போகிற மண்ணில் பெரும்பகுதி ரிப்பேர் செய்கிற நேரத்தில்தான் போகிறது. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் மேல் டீசல் சொட்டாமல் பிளாஸ்டிக் கவரால் மூடிவிடுங்கள்.

3. கழற்றாமலே பார்க்க வேண்டியவை

டீசல் இருக்கிறதா என்று முள்ளை நம்பாதீர்கள், குச்சி விட்டுப் பாருங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது வரப்பில் ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் வாய்த்துளை டீசலுக்கு வெளியே வந்து ஏர் இழுத்துவிடும்.

டேப் முழுதாகத் திறந்திருக்கிறதா? சைக்கிள் கேப்பில் பையன்கள் திருகி விளையாடுவதுண்டு. ஸ்டாப் கம்பியை உள்ளே தள்ளிவிட்டு, பம்பின் மேலுள்ள லிவரும் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த கேபிளில் கைப்பிடி உள்ளே போயிருக்கும், லிவர் பாதியில் நிற்கும். சாவியில் ஆஃப் ஆகிற வண்டியாக இருந்தால் சாவி போடும்போது ஸ்டாப் சோலனாய்டில் "டக்" என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். மின்சார ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்ன பம்ப்) உள்ள வண்டியில் "டிக் டிக்" அல்லது மெல்லிய உறுமல் கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், வயர் இணைப்பு, எர்த் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

4. டேங்க் மூடி

டீசல் வெளியே போகிற அளவுக்குக் காற்று டேங்குக்குள் வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு நுண்ணிய துளையோ வால்வோ இருக்கிறது. அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். வண்டி நின்ற பிறகு மெல்லக் காற்று கசிந்து உள்ளே போவதால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். "ரெஸ்ட் குடுத்தா ஓடுது" என்று சொல்லும் வண்டிகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சோதனை எளிது. வண்டி தளர்ந்து நிற்கப் போகிற அந்த நேரத்தில் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு இன்ஜின் தெளிந்தால் வேலை முடிந்தது. ஆறிய பிறகு திறந்தால் சத்தம் வராது. அதனால்தான் பலர் மூடியைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள்.

தொளி உழவில் சக்கரம் தெறிக்கிற சேறு மூடி மேல் பொறுக்குத் தட்டி, துளை இருந்த இடமே தெரியாமல் போகும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டு, டீசலில் ஊறவைத்து, உள்பக்கத்திலிருந்து காற்று அடியுங்கள். துளையை டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டாம். அடுத்த மழையில் அதே வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே வால்வு இருக்கிற மூடியானால் புதிதாக மாற்றுவது மேல். மூடி தொலைந்துபோய் பாலித்தீன் கவரைச் சுற்றி டியூப் வாரால் இறுக்கிக் கட்டிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். தூசி போகாதுதான், ஆனால் காற்றும் போகாதே.

5. டேங்கின் அடி

மூடி சரி என்றால் அடியைப் பாருங்கள். காலையில், வண்டியை அசைப்பதற்கு முன் பாருங்கள். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, ராத்திரி முழுக்க அடியில் தங்கியிருக்கும். ஓட்டிக் கலக்கிவிட்டுப் பிடித்தால் ஏமாந்துபோவீர்கள்.

அடி பிளக்கையோ தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் திருகையோ திறந்து கால் லிட்டர் பாட்டிலில் பிடித்து அரை மணி வையுங்கள். நல்ல டீசல் எதிர்ப்பக்கம் தெரியத் தெளிவாக இருக்கும். தண்ணீர் கீழே தனிப் படலமாக உருளும். மொத்தமும் மங்கலாக இருந்தால் தண்ணீர் கலந்து மிதக்கிறது. பழுப்பாக, வழவழவென்று கூழ்போல் ஏதாவது வந்தால் அது கிருமி. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் வளரும். நெடுநாள் நிறுத்திய வண்டியில் இது சகஜம். ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில மணி நேர ஓட்டத்திலேயே மறுபடி அடைக்கும்.

இன்னொன்று குப்பை. வேப்பிலை, கேன் மூடியின் பிளாஸ்டிக் சீல், எம்-சீல் துண்டு, துணி இழை. ஓடும்போது இது வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நின்றதும் விலகிவிடும். மூடித் துளைக் கோளாறு போலவே தெரியும். மூடியைத் திறந்தும் தெளியாமல் நின்றால் இதுதான் என்று வையுங்கள்.

வாய்க் குழாயில் பின்னோக்கிக் காற்று அடித்தால் உடனே வண்டி ஓடும். பலர் அதோடு முடித்துக்கொள்கிறார்கள். குப்பை டேங்குக்குள்ளேதான் இருக்கிறது, அடுத்த வயலில் திரும்ப வரும். டீசல் முழுவதையும் இறக்கி, டேப்பையும் அதன் வலையையும் கழற்றி, டீசலாலேயே டேங்கை அலசி ஊற்றுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், பெட்ரோல் கிட்டவே வேண்டாம்.

6. பாட்டில் சோதனை

இதுவரை கண்ணால் பார்த்தோம், இனி அளந்து பார்க்கலாம். ஃபில்டருக்குள் போகிற ஓஸைக் கழற்றி, நுனியை டேங்க் மட்டத்துக்குக் கீழே இறக்கி, பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள்.

டீசல் அறுபடாமல் ஒரே கனத்தில் விழ வேண்டும். முழு இழுவைக்கு நிமிடத்துக்கு 100 மில்லி வேண்டும் என்று பார்த்தோம். பம்ப் அதற்கு மேலும் எடுத்து மிச்சத்தை ரிட்டனில் அனுப்பும். எனவே நிமிடத்தில் பாட்டிலின் அடிப்பாகம் மட்டும் நனைந்தால் அது போதாது. இரண்டு மூன்று நிமிடமாவது விட்டுப் பாருங்கள். முதலில் கொட்டி, போகப்போக மெலிந்து சொட்டானால் குப்பையோ மூடியோ மிச்சமிருக்கிறது.

டேங்கின் மேல்பக்கமிருந்து குழாய் எடுக்கிற வண்டியில் தானாக வராது, கையால் அமுக்குகிற ரப்பர் பந்து பம்பால் இழுத்துவிட வேண்டும். வாயால் உறிஞ்சாதீர்கள். டீசல் நுரையீரலுக்குள் போனால் விளையாட்டல்ல.

7. கிண்ணமும் ஃபில்டரும்

கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் கழற்றிக் கழுவி, வலையைப் பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பரைப் புதிதாகப் போட்டு மாட்டுங்கள். ரப்பர் தட்டையாகி இருந்தால் அங்கேயே ஏர் இழுக்கும்.

காகித ஃபில்டரைக் கழுவி மறுபடி போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கழுவும்போது காகிதத்தின் நுண்துளை கிழியும், அழுக்கு நேரே பம்புக்குப் போகும். ஃபில்டர் விலையும் பம்ப் வேலையின் விலையும் எவ்வளவு தூரம் என்று பட்டறைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

மாற்றும்போது நடக்கிற பெரிய தவறு ரப்பர் வளையத்தில்தான். பழைய ஃபில்டர் கழன்று வரும், அதன் வளையம் மட்டும் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கருப்பு மேல் கருப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது வளையத்தோடு புது ஃபில்டரை இறுக்கினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று கசியும், ஏர் இழுக்கும். விரலை விட்டுத் தலையைத் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் கொஞ்சம் டீசல் தடவி, கையால் இறுக்கினால் போதும்.

ஃபில்டரில் முன்கூட்டியே டீசல் நிரப்புவதென்றால் ஓரத்திலுள்ள சின்னத் துளைகள் வழியாக ஊற்றுங்கள். பெரும்பாலான திருகு ஃபில்டர்களில் நடுத்துளை வடிகட்டிய பக்கம். அதில் ஊற்றுகிற டீசல் வடிகட்டாமலே பம்புக்குப் போய்விடும். இரண்டு ஃபில்டர் வரிசையாக உள்ள வண்டியில் எது முதலாவது என்று ஓஸைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

8. ஏர் எங்கே நுழைகிறது

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். டீசல் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஏர் நுழைவது தெரியாது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால், ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் வராது. காற்றுதான் உள்ளே போகும். "எங்கயும் லீக் இல்லையே" என்று சாதிப்பார்கள். லீக் உள்நோக்கி இருக்கிறது.

உள்ளே தெரிகிற ஓஸ் இங்கேதான் உதவும். ஃபீட் பம்புக்குள் போகிற ஓஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அடி தெளிவான ஓஸைப் போட்டுக் கிளிப் இறுக்குங்கள். ஏர் எடுத்துவிட்டு (முறை பதினோராம் பிரிவில்) ஓட்டுங்கள். முதலில் சில குமிழ்கள் வருவது பழைய காற்று. இரண்டு நிமிடம் கழித்தும் முத்து முத்தாகக் குமிழ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடத்துக்கும் டேங்குக்கும் நடுவில் ஓட்டை. குமிழ் இல்லாமல் தெளிவாக ஓடியும் வண்டியின் சத்தம் ஏறி இறங்கினால் ஓட்டை அதைத் தாண்டி, இன்ஜின் பக்கம். பிறகு தெளிவான ஓஸை டேங்க் பக்கம் ஒவ்வொரு இணைப்பாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழ் மறைகிறதோ, குற்றவாளி அதுதான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஓஸ் வளைவில் மயிரிழை வெடிப்பு, கிளிப்பின் அடியில் வெட்டு, பாஞ்சோ போல்ட்டின் (நடுவில் டீசல் போகத் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கத் தாமிர வாஷர்கள், கைப் பம்பின் பிடி, கிண்ணத்தின் ரப்பர், டேப்பின் சுழலும் தண்டு. சைலன்சர் பக்கம் போகிற ஓஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். மோட்டார் பம்பு செட்டுக்கு வாங்கிய தண்ணீர் ஓஸை வெட்டி மாட்டியிருந்தால் அது டீசலில் ஊறி உப்புவது உறுதி.

தாமிர வாஷரை ஒருமுறை அழுத்தினால் கெட்டியாகிவிடும். புதிதாகப் போடுங்கள். கையில் இல்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும், கருமையைத் தேய்த்துவிட்டு மாட்டலாம். டெஃப்லான் டேப் சுற்றுவது வேண்டாம். அதன் துணுக்கு பிய்ந்து நேரே பம்ப் வாய்க்குத்தான் போகும்.

கசிவை அடைக்க என்று கிளிப்பை மேலும் மேலும் இறுக்கினால் ரப்பர் அறுந்துவிடும். ஓஸ் நுனியை ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புது இடத்தில் மாட்டுங்கள்.

9. தனிக் கேன் சோதனை

இன்னும் தெளிவில்லையா? டேங்க், டேப், பழைய ஓஸ் எல்லாவற்றையும் ஓரங்கட்டுங்கள். சுத்தமான டீசல் கேனை ஃபில்டரைவிட உயரத்தில், பானட்டுக்கு மேல் அசையாமல் கட்டி, தெளிவான ஓஸால் நேரே ஃபீட் பம்புக்குள் கொடுங்கள். ஃபீட் பம்ப் இல்லாமல் தானாக இறங்குகிற ஒற்றைச் சிலிண்டர் வண்டியானால் நேரே ஃபில்டருக்குள். சைலன்சர் சூட்டிலிருந்து ஓஸ் தள்ளி இருக்கட்டும். கேன் மூடியைத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் நான்காம் பிரிவில் சொன்ன கோளாறை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

ஏர் எடுத்து ஓட்டுங்கள். இப்போது வண்டி சீராக ஓடினால் கோளாறு டேங்குக்கும் இந்த இடத்துக்கும் நடுவில். மாறாமல் திணறினால் இன்ஜின் பக்கம். பாதித் தேடல் ஒரே சோதனையில் குறைந்துவிடும். இதை நின்ற இடத்தில் மட்டும் செய்யுங்கள். கேனைக் கட்டிக்கொண்டு உழவுக்குப் போக வேண்டாம்.

10. ஃபீட் பம்ப்

ஃபீட் பம்பின் வெளி ஓஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, ஸ்டாப் கம்பியை இழுத்துவைத்துச் செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு, ஆனால் வேகமாகப் பீய்ச்ச வேண்டும். சோம்பலாகக் கசிந்தால் உள்ளே டயாஃப்ரமோ வால்வோ போயிருக்கிறது.

கை லிவர் இருந்தும் அழுத்தத்துக்கு எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் உடனே பம்பை மாற்றிவிடாதீர்கள். உள்ளே பம்பைத் தள்ளுகிற கேம் மேட்டில் நிற்கும்போது லிவரை அழுத்தினாலும் அது டயாஃப்ரத்தை அசைக்காது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

இந்த நேரத்தில் ஆயில் டிப் ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவு தானாகக் கூடி, டீசல் வாடை அடித்தால் பம்பின் உள்ளிருந்து டீசல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் தேயும். ஆயில் மாற்றி, கசிவை நிறுத்திய பிறகே ஸ்டார்ட்.

11. ஏர் எடுக்கும் வரிசை

எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் ஏர் எடுத்தாக வேண்டும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. பைப்பில் காற்றுக் குமிழ் இருந்தால் பம்பின் அழுத்தம் அதை நசுக்குவதிலேயே செலவாகி நாசில் திறக்காது.

அ. டேங்கை முக்காலாவது நிரப்பி டேப்பைத் திறங்கள். டீசல் குறைவாக இருந்தால் நாளெல்லாம் அடித்தாலும் ஏர் போகாது.

ஆ. முதல் ஃபில்டரின் மேல் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள், மின்சார பம்பானால் சாவியை ஆன் செய்யுங்கள். முதலில் நுரை, பிறகு வெண்மையாக, அப்புறம் தெளிவாக வரும். தெளிவாக வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை மூடுங்கள். நிறுத்திவிட்டு மூடினால் கடைசி நொடியில் மறுபடி காற்று ஏறும்.

இ. இரண்டாவது ஃபில்டர் இருந்தால் அதிலும் இதே மாதிரி.

ஈ. பம்பின் மேலுள்ள ஏர் திருகு. சில ஜப்பான் வகைச் சின்ன இன்ஜின்களில் திருகுக்குப் பதில் சிறு டேப் இருக்கும். ஏர் எடுத்ததும் அதை மூட வேண்டும். திறந்தே விட்டால் ஓடும்போது இன்ஜின் நின்றுவிடும். இதை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தேடுகிறவர்கள் நிறைய.

உ. இதுவரை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பெரும்பாலும் இதற்கு மேல் தேவைப்படாது.

ஊ. பிடிக்கவில்லை என்றால் மட்டும் நாசில் முனையிலுள்ள நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்து, 10 நொடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். நட்டிலிருந்து டீசல் துள்ளியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

ஒவ்வொரு திருகிலும் தட்டைப் பிடித்து, வருகிற டீசலைப் பாருங்கள். பம்ப் திருகில் தண்ணீர்த் துளி தெரிந்தால் செல்ஃப் அடிப்பதை நிறுத்திவிட்டு ஐந்தாம் பிரிவுக்குத் திரும்புங்கள். பம்புக்குள்ளும் நாசிலுக்குள்ளும் உயவுக்கு டீசலைத் தவிர வேறெதுவும் இல்லை. தண்ணீர் அங்கே போய்ச் சுற்றினால் தேய்மானம் நிச்சயம்.

12. நாசில் பக்கம், கவனமாக

சின்ன இன்ஜின்களில்கூட நாசில் 100 பாருக்கு மேல் அழுத்தத்தில்தான் திறக்கும். மூன்று சிலிண்டர் வண்டி ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங் அடித்தால் கண்டுபிடிக்க, மெதுவாக ஓடும்போது பம்பு பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் சத்தம் மாறி இன்ஜின் தளரும். எதைத் தளர்த்தினால் மாற்றமே இல்லையோ அங்கே வேலை நடக்கவில்லை. நட்டைச் சுற்றித் துணி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யுங்கள்.

பைப் வெடிப்பையோ நாசில் பீய்ச்சலையோ விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். மெல்லிய டீசல் ஊசி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக் கடித்த அளவுதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகிவிடும். அப்படி நடந்தால் ஊரில் மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் உடனே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற அறுவைசிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போய், "டீசல் அழுத்தத்தோடு தோலுக்குள் போயிடுச்சு" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

பம்ப் திருகில் குமிழில்லாத டீசல் கொட்டுகிறது, ஸ்டாப் லிவர் சரியாக இருக்கிறது, ஆனாலும் நாசில் நட்டில் டீசல் துள்ளவில்லை. இங்கே நீங்கள் நிறுத்திக்கொண்டு பம்பை டீசல் பம்ப் பட்டறைக்கு எடுத்துப் போகலாம். கழற்றும் முன் பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஓர் அடையாளக் கோடு போட்டுவிடுங்கள், அடியிலுள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகளை) தொலைக்காதீர்கள். திரும்ப மாட்டும்போது டைமிங் அதைப் பொறுத்தது. பம்பின் சீல் திருகை மட்டும் எக்காரணம் கொண்டும் திருகாதீர்கள். இழுவை குறைகிறது என்று அதைத் திருகினால் டீசல் கூடும், கரும்புகை கூடும், அசல் கோளாறு அப்படியே இருக்கும்.

13. ஓட்டிப் பார்ப்பது

வேலை முடிந்ததும் அரை மணியாவது சுமையோடு ஓட்டுங்கள். நின்றதும் எல்லா இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் எங்கே ஈரம் என்று பாருங்கள். உள்ளே ஏர் இழுக்கிற இடம் நின்றிருக்கும்போது வியர்த்துக் காட்டிக்கொடுக்கும்.

பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் என்பதால் அங்கே வண்டிகள் அதிகம் சும்மா நிற்பதில்லை. மேலூர், திருமங்கலம் பக்கம் ஒருபோகம். அறுப்பு முடிந்தபின் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். நிறுத்தும் முன் டேங்கை நிரப்பிவையுங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரம் படிவதும் குறையும். வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளில் முதல் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே கிண்ணத்தையும் டேங்க் அடியையும் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மூடித் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.